சர்வருக்குக் கும்பிடக் கற்றுக் கொடுத்தவர்

கும்பிடுவதில் பல ரகம் உண்டு. சாமிக்கு ஒன்று, ஓட்டுக் கேட்க வருகிறவனுக்கு ஒன்று, வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரருக்கு ஒன்று. இத்தனையையும் ஒரே கும்பிடாகப் பிசைந்து உருட்டி வைத்திருந்தவர் எங்கள் பாலசுப்ரமணியன். லிஃப்ட்டில் யார் ஏறினாலும் கும்பிடுவார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தாலும், திறந்தது யாரோ பெரிய மனிதர் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருநாள் போனில் தவறான நம்பர் என்று சொன்னவனுக்குக்கூட, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் அல்போன்சா, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனி திறந்த நாளிலிருந்து அதன் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாமல் ஒரு ஆபீசில் எதுவும் நடந்துவிடாது. சிஸ்டம் ஆட்கள் என் மேஜையில் சாய்ந்துகொண்டுதான் சண்டை போடுவார்கள், புலம்புவார்கள், மூக்கைச் சிந்துவார்கள். அதனால் இந்தக் கதையை என்னை விட்டால் ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை.

கம்பெனியின் வேலை இதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன வியாதி, என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சு இங்கே வரும். எங்கள் பெண்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் அடித்து அனுப்புவார்கள். முதலாளி கிருஷ்ணப்பா சார். கிரானைட் கல்லில் காசு பார்த்தவர். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்று அலைந்த காலத்தில் தானும் ஒரு கம்பெனி போட்டார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எலியைப் பிடிக்கத் தெரியும், கம்ப்யூட்டருடைய மவுஸைப் பிடிக்கத்தான் தெரியாது.

பாலு கரூர்க்காரர். தொண்ணூற்றெட்டில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வேலை பிரிண்டருக்குக் காகிதம் வைப்பதும், கேபிள் கழன்றால் மாட்டுவதும். கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் அப்போது சிஸ்டம் பக்கம் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனி, அமெரிக்கா என்று பறந்து போக, மிஞ்சினது பாலு. தெரிந்த வேலை கொஞ்சம், தெரிந்த கும்பிடு நிறைய.

"என்ன பாலு, சதா சர்வகாலமும் இப்படிக் கூழைக் கும்பிடு போடறீங்களே, கை வலிக்காதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கும்பிட்டுக் கெட்டவன் எவனும் கிடையாது, அல்போன்சா மேடம்," என்றார். "வணக்கம் சொல்றதுல நமக்கு என்ன நஷ்டம்? யாருக்காவது அதனால ஒரு கெடுதல் வந்திருக்கா, சொல்லுங்க."

எனக்கோ தலைக்கு மேல் வேலை கிடந்தது, விட்டுவிட்டேன்.

கிருஷ்ணப்பா சாருக்கு ஐம்பதாவது பிறந்த நாள் வந்தது. மற்றவர்கள் கேக் வாங்கினார்கள், மாலை வாங்கினார்கள், மைசூர்த் தலைப்பாகை ஒன்று வாங்கி அவர் தலையில் கவிழ்த்தார்கள். பாலு வெறுங்கையோடு வந்து, "சார், ஒரு நிமிஷம் கம்ப்யூட்டர் முன்னால உக்காருங்க," என்றார். ஆபீஸ் ஃபைலெல்லாம் இருக்கிற சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் போகிற வழியைக் காட்டிக் கொடுத்தார். சார் தன் பேரைத் தட்டினதும் திரை முழுக்க நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு நடுவில், எங்கள் மாண்புமிகு நிர்வாக இயக்குநர், தொழில் மாமணி, ஏழைகளின் நண்பர், உயர்திரு கிருஷ்ணப்பா அவர்கள் பல்லாண்டு வாழ்க என்று இங்கிலீஷ் எழுத்தில் ஓடியது. அதன் கீழே இன்னொரு வரிசை நட்சத்திரம்.

சாருடைய கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில்தான் கேக் தட்டோடு நின்றேன். தன் அப்பா செத்ததற்குக்கூட அந்த மனுஷன் அழவில்லை என்று டிரைவர் சொல்வான்.

"ஏன் பாலு, யாரு உள்ள வந்தாலும் இது வருமா?"

"யாரு வந்தாலும் வரும் சார். அமெரிக்காவுல இருந்து வந்தாலும் சரி, உங்க பேரைப் படிச்சுட்டுத்தான் அடுத்த வேலை."

"பேஷ்! சென்னாகிதே!" என்று சார் தொடையைத் தட்டினார்.

அடுத்த வாரமே பாலு சிஸ்டம்ஸ் மேனேஜர். டீ போடுகிற இடத்தைப் பாதியாகத் தடுத்து, பிளைவுட் அடித்து, அவருக்கென்று ஒரு கேபின். உள்ளே எப்போதும் சாம்பார் வாசனை அடிக்கும். ஆனாலும் கேபின் கேபின்தானே. சார் தினமும் காலையில் வந்ததும் சர்வருக்குள் போய்த் தன் பேரைப் பார்ப்பார், காபி குடிப்பார், வெளியே வந்துவிடுவார். அவர் கற்ற கம்ப்யூட்டர் அவ்வளவுதான். ஒரு வரி நிரல் உருப்படியாக எழுதத் தெரியாத பாலு தன் வாழ்நாளில் முழுசாக எழுதி முடித்த ஒரே நிரலும் அந்த வணக்கம்தான்.

இப்போது பேக்கப்புக்கு வருகிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்கள். டைப் அடித்ததெல்லாம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, தினமும் இன்னொரு கட்டிடத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும். சாருக்குப் பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேலே, சும்மா கிடந்த மாடி இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அது தினமும் ஆபீஸ் மூடின பிறகு, லைன் வழியாக அல்சூர் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டுப் போட்ட பாதையில் நுழையும். "நகல் எடுக்கிற ஸ்கிரிப்டை ஓட்டு" என்று கட்டளை போடும். இந்தச் சர்வர் தன்னிடம் இருக்கிற எல்லா ஃபைல்களையும் மூட்டை கட்டி அதே பாதையில் அனுப்பும். அது வாங்கி வைத்துக்கொள்ளும். காலையில் "பேக்கப் வெற்றி" என்று சாருக்கு ஒரு மெயில் போகும்.

அந்த மெயிலில்தான் பாலுவின் கைவண்ணம். ஆரம்பத்தில் பேக்கப் முடிந்த பிறகு போவதாகத்தான் இருந்தது. சாருடைய பிறந்த நாளுக்கு முன்பே ஒருநாள் பேக்கப் முடியத் தாமதம், மெயிலும் தாமதம், சார் கத்தோ கத்தென்று கத்திவிட்டார். மறுநாளே பாலு அதைத் தனியாகப் பிரித்துவிட்டார். பேக்கப் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, சார் காபி குடிக்கிற நேரத்துக்கு மெயில் டாண் என்று வந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. சார் திட்டக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

இப்படியே மாதங்கள் ஓடின. இரண்டாயிரத்து இரண்டில் சங்கமித்ரா என்று ஒரு பெண் சிஸ்டம் பக்கம் வேலைக்கு வந்தாள். அல்சூர்ப் பெண், பாலிடெக்னிக் படித்தவள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தேவையில்லாமல் சிரிக்க மாட்டாள். பாலு கும்பிட்டால் திரும்பக் கும்பிடாமல் "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பிரேசர் டவுன் கம்ப்யூட்டரில் இடம் எவ்வளவு பாக்கி என்று பார்த்து வர அவளை அனுப்பினார்கள். போனவள் திரும்பி வந்து நேரே பாலுவின் கேபினுக்குப் போனாள். பிளைவுட்தானே, எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், அங்க இடம் நிறைய இருக்கு. ஃபைல்தான் இல்லை. எம்.டி. சார் பர்த்டே வரைக்கும் எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் தினமும் காலி ஃபோல்டர்."

"மெயில் வருதேம்மா," என்றார் பாலு.

"மெயில் வருது சார். பேக்கப் வரலை."

ஐயோ மாதாவே! அந்த வாரமே சார் எல்லாரையும் ஹாலில் கூட்டி, அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்ஷன்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார் என்றார். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டச் சொல்வாராம். "வரலேன்னா கான்ட்ராக்ட் ஹோயித்து. கான்ட்ராக்ட் போச்சுன்னா பாலு, நீ அன்னிக்கே கரூர் பஸ் ஏறு," என்று சார் எல்லார் முன்னாலும் சொன்னார். பாலு அதற்கும் கும்பிட்டார். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அந்த வருடம் பெங்களூரில் இன்ஜினியர்களே வேலை போய்த் தெருவில் நின்றார்கள். நாற்பதைத் தாண்டினவர், காகிதம் வைத்தும் கும்பிட்டும் மேலே வந்தவர், வெளியே போனால் நாய்கூடச் சீந்தாது. அது அவருக்கே தெரியும்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். பாலு முதலில் லைன் மேல் பழி போட்டார். டெலிபோன்காரன் வந்து பார்த்துவிட்டு லைன் சுத்தம் என்று போனான். ரூட்டரை மாற்றினார். பிரேசர் டவுன் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார். கீழே பேக்கரிக்காரர் ஏதோ எரிகிறது என்று பக்கெட் தண்ணீரோடு மேலே ஓடி வந்தார். அல்சூர் சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்த ஸ்கிரிப்டைத் தன் கையால் ஓட்டினால் குதிரை மாதிரி ஓடியது. பிரேசர் டவுனிலிருந்து ஓட்டச் சொன்னால் நின்றது. "கையால ஓட்டினா ஓடுது, தூரத்துல இருந்து கூப்பிட்டா வரமாட்டேங்குது. மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிது மேடம்," என்று என்னிடம் வந்து புலம்பினார்.

இதில் உச்சம் ஒன்று உண்டு. சாருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, நடுவில் ஒருநாள் அந்த வணக்கத்தில் இன்னும் இரண்டு பட்டம் சேர்த்தார். வள்ளல் என்று ஒன்று, மருத்துவ உலகின் விடிவெள்ளி என்று ஒன்று. கல் வெட்டி விற்றவர் எந்த மருத்துவ உலகுக்கு விடிந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சங்கமித்ரா வியாழக்கிழமை காலையில் கண்டுபிடித்துவிட்டாள். கேபினில் போய்ச் சொன்னாள்.

"சார், அந்த வணக்கம்தான் காரணம்."

"எந்த வணக்கம்?"

"யார் உள்ள வந்தாலும் சர்வர் முதல்ல எம்.டி. சாரோட பட்டமெல்லாம் படிக்குதில்ல? பிரேசர் டவுன் மிஷின் உள்ள வந்தாலும் படிக்குது. அது ஃபைலுக்காகக் காத்துட்டு இருக்கு. ஃபைல் வரவேண்டிய இடத்துல நட்சத்திரமும் மாண்புமிகுவும் வருது. ஏதோ தப்பா வருதுன்னு அது கதவைச் சாத்திட்டுப் போயிடுது. இங்க உக்காந்து ஓட்டறப்ப வணக்கம் திரையில வந்துட்டுப் போயிடுது, ஃபைலோட கலக்கலை. அதான் ஓடுது."

பாலுவுக்கு வந்ததே கோபம்! அவர் குரலை உயர்த்தி நான் அன்றுதான் கேட்டேன். "ஏம்மா, வணக்கம் சொன்னா ஒரு மிஷின் கெட்டுப் போகுமா? எந்த ஊர் நியாயம் இது? நேத்து வந்த பொண்ணு நீ, ரெண்டு வரி மரியாதை உன் கண்ணை உறுத்துதா?"

அவள் பாட்டுக்கு, வணக்கம் சொல்லாத தனி லாகின் ஒன்றைப் போட்டு, பிரேசர் டவுன் மிஷினை அந்த வழியாக உள்ளே வரச் செய்தாள். ஃபைல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாலு, "லைன் இப்பத்தான் சரியாச்சோ என்னவோ," என்றார். பழைய வழியாக வரச் செய்தாள். நின்றது. புது வழியாக, ஓடியது. பழைய வழி, நின்றது. அவர் கண் முன்னாலேயே திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். பாலு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

"அதை எடுத்துட்டா நாளைக் காலையில சார் பார்ப்பாரே. என்னைத் தொலைச்சிடுவாரேம்மா," என்றார் கடைசியில்.

"எடுக்க வேண்டாம் சார். மனுஷங்க திரை முன்னால உக்காந்து உள்ள வந்தா மட்டும் வரட்டும். மிஷின் வந்தா வாயை மூடிக்கட்டும். ஒரே ஒரு வரிதான்."

"போடும்மா," என்றார் பாலு. அந்த ஒரு வரியை அவள் போட்டாள். அன்று ஆபீஸ் மூடின பிறகு பேக்கப் ஒழுங்காக நடந்தது. மெயிலும் வழக்கம்போல வந்தது, முதல் தடவையாக உண்மையைச் சொல்லிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை அமெரிக்கக்காரர் வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. கான்ஃபரன்ஸ் ரூமில் சார், பாலு, சங்கமித்ரா. காபி கொண்டு போகிற சாக்கில் நானும் உள்ளே போய் ஓரமாக நின்றுகொண்டேன். அவர் ஏதோ ஒரு நோயாளியின் பேரைச் சொல்லி, அந்த ஃபைலை பேக்கப்பிலிருந்து எடுங்கள் என்றார். சங்கமித்ரா தட்டினாள். வந்தது. இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பாலுவின் நெற்றி வேர்வை கழுத்து வரைக்கும் வந்திருந்தது. தப்பித்தோம் என்று நான் டம்ளர்களை எடுக்கும்போது, அவர் திரையைக் கிட்டப் பார்த்துவிட்டு, "நேற்றைய நகல் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் காலியாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார்.

சாருடைய முகம் மாறியது. அவருக்கு இது செய்தி. தமிழில் பாலுவிடம் திரும்பினார். "ஏனய்யா இது? நேத்து யாரு மிஷின்ல கை வெச்சது? இந்தப் பொண்ணா? இவதான் ஏதோ அழிச்சிட்டாளா?"

அப்பா, எவ்வளவு சௌகரியமான கேள்வி! பாலு வாயைக்கூடத் திறக்க வேண்டாம். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். அந்தப் பெண் வந்து நாலு மாதம் ஆகவில்லை. அவளுக்காகப் பரிந்து பேச அந்த அறையில் ஒரு ஈ காக்காய் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாரே பதிலைச் சமைத்து, ஆற வைத்து, ஊட்டியும் விடுகிறார். இத்தனை வருடம் சார் சொன்ன எதற்கும் தலையாட்டாமல் இருந்ததில்லை அந்த மனுஷன். ஆட்டத்தான் போகிறான் பாவி என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ இல்லை சார்," என்றார் பாலு. "நான்தான். உங்க பர்த்டே அன்னிக்கு நான் போட்டேன்ல ஒரு வணக்கம், அதுலதான் சார் நின்னு போச்சு. இந்தப் பொண்ணுதான் நேத்து அதைச் சரி பண்ணுச்சு."

அமெரிக்கக்காரர், என்ன சொல்கிறார் என்று சங்கமித்ராவைக் கேட்டார். அவள் இங்கிலீஷில் ஒளிக்காமல் சொன்னாள். அவர் நம்பாமல் தானே சர்வருக்குள் நுழைந்து பார்த்தார். மனுஷர் திரை முன்னால் உட்கார்ந்து நுழைகிறார் அல்லவா, நட்சத்திரம் கொட்டியது. மாண்புமிகு, தொழில் மாமணி, ஏழைகளின் நண்பர், வள்ளல், விடிவெள்ளி எல்லாம் வரிசையாக வந்தன. அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, கிருஷ்ணப்பா சாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. சாரும் கூடவே சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

கான்ட்ராக்ட் போகவில்லை. கேட்ட ஃபைல் வந்துவிட்டதால் பாஸ் என்று எழுதிக்கொண்டார். இனிமேல் தினமும் காலையில் வருகிற அந்த வெற்றி மெயிலை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெரிய இன்ஸ்பெக்ஷன்!

கார் போன சத்தம் அடங்கினதும் சார் பாலுவையும் சங்கமித்ராவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்ல மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாதக்கணக்கில் பேக்கப் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

"ஒரு வெள்ளைக்காரன் என் ஆபீஸ்ல உக்காந்துட்டு என் பேரைப் பார்த்து சிரிக்கறான். யாரால? உன்னால," என்றார் பாலுவிடம். "அது மட்டுமா? என் பேரை மிஷின் கண்ணுல காட்டாம மறைச்சிருக்கீங்க. யாரு வந்தாலும் வரும்னு நீதானே சொன்னே? என்னைக் கேக்காம எடுக்க உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது? ஹோகு. போயிடு. திங்கட்கிழமை இந்தப் பக்கம் வராதே."

நல்ல நியாயம்! மாதக்கணக்கில் பொய் மெயில் அனுப்பினவருக்குக் கேபின். ஒரே ஒரு நாள் பேக்கப்பை ஓட வைத்தவருக்கு ஹோகு.

அதற்குப் பிறகு சார் சங்கமித்ராவிடம் திரும்பினார். "ஏம்மா, நீ அந்த வரியை எடுத்துடு. முன்ன இருந்த மாதிரியே எல்லாருக்கும் வரட்டும்."

"எடுத்தா மறுபடியும் பேக்கப் நின்னுடும் சார்."

"மெயில் வருமா, வராதா?"

"அது வரும் சார்."

"அமெரிக்காவுக்கும் போகுமில்ல?"

"போகும் சார்."

"மத்தே?" என்றார் சார். "அப்புறம் என்ன?"

சங்கமித்ரா அன்றே அந்த வரியை எடுத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலை என்ற ஒன்று அந்த வருடம் யாருக்கும் லேசில் கிடைக்கவில்லை.

பாலு கேபினைக் காலி செய்துகொண்டு, ஒரு பையும் டிபன் கேரியருமாக என் மேஜைக்கு வந்தார். அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உமக்கு எதுக்குய்யா இந்த வேலை? அவரே அந்தப் பொண்ணு பேரை எடுத்துக் குடுத்தாரே! காலமெல்லாம் ஆட்டின தலைதானே, இன்னும் ஒரு தடவை ஆட்டிட்டுப் போறதுக்கு என்ன கேடு?"

"ஆட்டத்தான் போனேன், அல்போன்சா மேடம்," என்றார் பாலு. "அந்தப் பொண்ணு என்னையே பார்த்துட்டு இருந்துச்சு. நான் ஆட்டிடுவேன்னு அதுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அந்த மூஞ்சியைப் பார்த்தப்புறம் முடியலை."

சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அன்று மிச்சப் பொழுதெல்லாம் போன் செய்தவர்கள் மேல் நான் எரிந்து எரிந்து விழுந்தேன்.